பாஸ் இருந்தது, படுக்கை இல்லை



இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் 45 நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இன்னும் ஒரு பத்து நிமிடம் பொறுத்துக்கொள்வீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். காபி வேண்டுமானால் இப்போதே போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.

போன வாரம் தம்பி மகன் குடும்பத்தோடு வீட்டுக்கு வந்திருந்தான். ரயில்வேயில் வேலை. திண்ணையில் உட்கார்ந்தபடியே செல்போனில் ஏதோ தட்டினான். மனைவி, இரண்டு பிள்ளைகள், அவன் என நாலு பேருக்கும் மைசூருக்குப் போக வர டிக்கெட் எடுத்துவிட்டான். பாஸும் செல்போனில்தான், டிக்கெட்டும் செல்போனில்தான். நான் குடித்துக்கொண்டிருந்த காபி ஆறவில்லை, அதற்குள் வேலை முடிந்துவிட்டது.

"என்னா பெரியப்பா, இதுக்குப் போயி தாத்தா நாள் முழுக்க வரிசையில நின்னாருன்னு அப்பா சொல்லுறாரு?" என்று சிரித்தான்.

நான் உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து அடியில் இருந்து ஒரு தாளை எடுத்து வந்து காட்டினேன். என் அப்பாவின் பாஸ். கடலூரில் இருந்து சென்னை வழியாக வாரணாசி, திரும்பவும் அதே வழி. அப்பா பெயர், அம்மா பெயர், வயது, உறவு எல்லாம் மையினால் எழுதியிருக்கிறது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்திருக்கிறது. ஆனால் அந்தப் பாஸில் ஒருவரும் பயணம் செய்யவில்லை.

பையன் சிரிப்பதை நிறுத்திவிட்டு, "ஏன் போகல?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். வரலாறு வாத்தியார் என்பதால் கொஞ்சம் பின்னால் போய்த்தான் வருவேன்.

என் அப்பா 1954ல் தென்னக ரயில்வேயில் கேங்மேனாகச் சேர்ந்தார். பழைய சவுத் இந்தியன் ரயில்வே, மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வே, மைசூர் ரயில்வே மூன்றையும் சேர்த்துத் தென்னக ரயில்வே 1951 ஏப்ரல் 14ல் உருவாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. வேலை கடலூர் ஓ.டி. பக்கம். இளைய தலைமுறைக்கு ஓ.டி. என்றால் ஓ.டி.பி.தான் ஞாபகம் வரும். எங்களுக்கு ஓ.டி. என்றால் ஓல்டு டவுன், அதாவது முதுநகர். குள்ளஞ்சாவடியில் இருந்து சைக்கிள் மிதித்துப் போவார். வெயிலில் தண்டவாளத்து ஆணியைத் தட்டித் தட்டி, 1990ல் மேஸ்திரியாக ஓய்வு பெற்றார்.

அந்த வேலைக்குச் சம்பளம் குறைவு. ஆனால் ஊரில் வேறு யாரிடமும் இல்லாத ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அதுதான் பாஸ். பி.டபிள்யூ.ஐ. ஆபீசில் எழுதிக் கொடுத்தால், குடும்பத்தோடு இந்தியாவின் எந்த ஸ்டேஷனுக்கும் காசில்லாமல் போய் வரலாம். இந்தச் சலுகையை 1986ஆம் ஆண்டின் ரயில்வே ஊழியர் பாஸ் விதிகள் என்று ஒழுங்குபடுத்தினார்கள். இப்போதைய கணக்கில், என் தம்பி மகன் நிலையில் இருப்பவருக்கு முதல் ஐந்து ஆண்டுகள் வருடம் ஒரு செட், அதற்கு மேல் மூன்று செட். ஒரு செட் என்றால் போக வர. அதுபோக, கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு கட்டிப் போகும் பி.டி.ஓ. என்ற சீட்டும் உண்டு. ஓய்வு பெற்றால் பாஸ் எண்ணிக்கை குறையும். ஊழியர் இறந்துவிட்டால் மனைவிக்கு இன்னும் குறைவாக வரும்.

ஊரில் சிலர், "உங்களுக்கென்ன, இனாம் பாஸு" என்பார்கள். அப்பாவுக்கு இனாம் என்ற சொல் மட்டும் ஆகாது. "இனாம் இல்லடா. சம்பளத்துல ஒரு பங்க காசாக் குடுக்காம தாளாக் குடுக்கறான்" என்பார். நான் பொருளாதாரம் படித்த பிறகுதான் அவர் சொன்னது எவ்வளவு சரி என்று புரிந்தது. உலகத்தில் பல நாட்டு ரயில் நிறுவனங்களும் ஊழியருக்கு இப்படிப் பாஸ் கொடுத்திருக்கின்றன. எப்படியும் ஓடப்போகிற வண்டியில் ஒரு ஆளை ஏற்றிக்கொள்ள நிறுவனத்துக்குப் பெரிய செலவு இல்லை. அதை வாங்கும் குடும்பத்துக்கோ அது பெரிய சொத்து.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். பாஸ் கொடுக்கும் வாக்குறுதி என்ன? "உன்னை வண்டியில் ஏற்றிச் செல்வேன்" என்பது மட்டும்தான். "உனக்கு உட்கார இடம், படுக்க இடம் தருவேன்" என்று அதில் இல்லை. அந்தக் காலத்தில் இது குறையாகத் தெரியவில்லை. ஏனென்றால் காசு கொடுத்த ஏழைக்கும் அந்த வாக்குறுதி கிடையாது.

நம் பக்கத்தில் முதல் ரயில் 1856 ஜூலை 1ல் ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. 1870களில் கடலூர் வழியாகத் தெற்கே பாதை போட்டார்கள். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் மூன்றாம் வகுப்பில் போனவர்கள் முண்டியடித்துத்தான் ஏறினார்கள். காந்தி 1917ல் மூன்றாம் வகுப்புப் பயணத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பம்பாயில் இருந்து மதராஸ் வரை இரண்டு இரவுப் பயணம். 22 பேர் உட்காரும் பெட்டி. படுக்க இடமே கிடையாது. பெரும்பகுதி நேரம் 35 பேர் வரை அடைந்து கிடந்தார்கள் என்று கணக்கோடு எழுதியிருக்கிறார். பாரிஸ்டர் படித்தவருக்கே அந்த நிலை.

எங்கள் வீட்டின் முதல் பெரிய பயணம் 1967ல், ராமேஸ்வரத்துக்கு. எனக்குப் பத்து வயது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்து, பாம்பன் பாலம் சேதமாகி, அதைச் சரிசெய்து வண்டி விட்டிருந்த காலம். என் தாத்தா அதற்கு முந்தின ஆண்டு காலமாகியிருந்தார். ஆயா ராமேஸ்வரம் போக ஆசைப்பட்டார். பாஸ் விதியில் இதிலும் ஒரு விசித்திரம் உண்டு. ஊழியரின் தந்தை உயிரோடு இருக்கும்வரை தாயின் பெயரைப் பாஸில் சேர்க்க வழியில்லை. தந்தை போன பிறகுதான் தாய் "சார்ந்திருப்பவர்" ஆகிறார். பாஸில் தன் பெயரை அப்பா படித்துக் காட்டியபோது ஆயா சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது: "அவரு இருந்து கூட்டிக்கினு போயிருந்தா எனக்கு இந்தச் சீட்டே வேணாம்."

அந்தப் பயணத்துக்கு முன்பதிவு எதுவும் இல்லை. முன்பதிவு என்ற சொல்லே எங்கள் வீட்டில் அப்போது கிடையாது. வண்டி பிளாட்பாரத்தில் நிற்பதற்கு முன்னால் அப்பா ஜன்னல் வழியாகத் துண்டை வீசுவார். துண்டு விழுந்த இடம் எங்களுடையது. அதை யாரும் எடுத்துப் போட மாட்டார்கள். நம் மக்கள் தாங்களே உண்டாக்கிய முதல் முன்பதிவு முறை துண்டுதான் என்று வகுப்பில் சொல்வேன், நீங்கள் சிரிப்பீர்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. துண்டு முறையில் பணக்காரன் ஏழை வித்தியாசம் இல்லை, பாஸ்காரன் டிக்கெட்காரன் வித்தியாசம் இல்லை. கையில் பலம் இருப்பவனுக்கு இடம். வயதானவர்களுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும்தான் அதில் நியாயம் கிடைக்காது.

பிறகு காலம் மாறியது. 1974ல் மூன்றாம் வகுப்பு என்பதே ஒழிந்து இரண்டாம் வகுப்பு ஆனது. 1977ல் மது தண்டவதே ரயில்வே மந்திரியாக வந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் வகுப்பு வேறுபாடு இல்லாத கீதாஞ்சலி எக்ஸ்பிரஸ் பம்பாய்க்கும் ஹவுராவுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. இரண்டாம் வகுப்பில் கட்டைப் பலகைக்குப் பதிலாக மெத்தை வைத்த படுக்கை வந்தது அவர் காலத்தில்தான். சாதாரண ஜனமும் இரவில் நீட்டிப் படுத்துப் போகலாம் என்ற நிலை மெல்ல மெல்ல உண்டானது. பெரிய மாற்றம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் படுக்கை என்று வந்ததும் கணக்கு வந்துவிட்டது. அந்தக் காலத்தில் அகலப்பாதையில் ஓடிய ஒரு ஸ்லீப்பர் பெட்டியில் 72 படுக்கை. எழுபத்து மூன்றாவது ஆளுக்கு இல்லை. துண்டுக் காலத்தில் நெருக்கி உட்கார்ந்தால் இன்னொருவருக்கு இடம் கிடைக்கும். படுக்கையை அப்படி நெருக்க முடியாது. அன்றைக்குத்தான் ரயில் பயணம் இரண்டாகப் பிரிந்தது என்பது என் கருத்து. போக அனுமதி என்பது ஒன்று, போக இடம் என்பது வேறொன்று. பாஸ் முதலாவதைக் கொடுத்தது. இரண்டாவதற்கு எல்லோரோடும் சேர்ந்து வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

வரிசை என்றால் இப்போது உள்ளதுபோல் இல்லை. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு தேதிக்கும் கையால் எழுதும் பேரேடு இருந்தது. பெரிய ஸ்டேஷன்களில் இந்த வண்டிக்கு இந்த கவுன்ட்டர் என்று பிரித்திருப்பார்கள். தவறான வரிசையில் நின்றால் அன்றைய பாதி நாள் போச்சு. வண்டி புறப்படும் ஊருக்குப் பெரும்பங்கு இடம், வழியில் உள்ள முக்கிய ஊர்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் கோட்டா. திரும்பி வரும் பயணத்துக்கு இங்கிருந்தே எழுதிக் கொடுத்தால், அந்த ஊருக்குத் தந்தி அடிப்பார்கள். அங்கே பேரேட்டில் இடம் இருந்தால் பெயர் ஏறும். பதில் தந்தி வந்தால் வந்தது. வராவிட்டால், அந்த ஊருக்குப் போய் இறங்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

1981ல் திருச்செந்தூருக்குப் போனோம். அக்கா பையனுக்கு மொட்டை. நான் அப்போது வாத்தியார் வேலையில் சேர்ந்த புதுசு. அக்காவுக்குக் கல்யாணம் ஆனதுமே அவள் பெயர் பாஸில் இருந்து போய்விட்டது. ஆகவே அப்பா, அம்மா, தம்பி மூவருக்குப் பாஸ். அக்கா, மாமா, எனக்குக் காசு. நாங்கள் ஒரே குடும்பம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். தாளின்படி நாங்கள் இரண்டு குடும்பம். இரண்டு விண்ணப்பம், இரண்டு டிக்கெட். போகும்போது பாஸ்காரர்கள் ஒரு பெட்டி, காசு கொடுத்தவர்கள் வேறு பெட்டி. அம்மா கட்டிய புளிச்சோறு மூட்டை பாஸ்காரர்களிடம் மாட்டிக்கொண்டது. வண்டி நின்ற ஸ்டேஷனில் எல்லாம் நான் தூக்குப் பாத்திரத்தோடு பிளாட்பாரத்தில் ஓடினேன்.

திரும்பும்போது தந்திக்குப் பதில் வரவில்லை. பேரேட்டில் எங்கள் யார் பெயரும் இல்லை. முன்பதிவு இல்லாத பெட்டியில் கதவோரம் டிரங்குப் பெட்டியைப் போட்டு, அக்காவைக் குழந்தையோடு அதில் உட்கார வைத்து, ராத்திரி முழுக்க நாங்கள் சுற்றி நின்றுகொண்டே வந்தோம். யார்மேல் குற்றம் என்றால் எனக்கு இன்றும் தெரியாது. தந்தி போய்ச் சேராமல் இருந்திருக்கலாம், போய்ச் சேர்ந்தும் இடம் இல்லாமல் இருந்திருக்கலாம். அப்பா வாய் திறந்து ஒன்றுமே சொல்லவில்லை. விடிந்து வண்டி கடலூரை நெருங்கும்போது மட்டும், வெளியே தண்டவாளத்தைக் காட்டி, "இது என் லென்த்துடா. ஆடாம போவுது பாரு" என்றார். நின்று நின்று கால் வீங்கிப்போன மனிதர், தான் பார்த்துக்கொள்ளும் பாதை ஆடவில்லை என்று பெருமைப்பட்டார்.

1985, 86ல் டில்லியில் கம்ப்யூட்டர் முன்பதிவு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மதராஸ், பம்பாய், கல்கத்தா. ரயில்வேக்கு என்றே 1986ல் கிரிஸ் என்ற அமைப்பை உண்டாக்கினார்கள். 1999ல் எல்லா வட்டாரக் கம்ப்யூட்டர்களும் ஒன்றோடொன்று இணைந்தன. எந்த ஊர் கவுன்ட்டரில் இருந்தும் எந்த ஊர் வண்டிக்கும் இடம் பார்க்கலாம் என்று ஆனது. தந்தி முறைக்கு அத்தோடு விடை கொடுத்தாயிற்று.

இந்த இடைக்காலத்தில்தான் அப்பாவின் காசி ஆசை.

அவருக்கு ரொம்பப் பக்தி என்று சொல்ல முடியாது. தைப்பூசத்துக்கு வடலூருக்கு நடந்து போய் ஜோதி பார்ப்பார், அவ்வளவுதான். ஆனால் அவருடைய அப்பாவுக்குக் கங்கையில் ஒரு முழுக்குப் போட வேண்டும் என்று மனசில் வைத்திருந்தார். "ஊர் ஊரா ரயிலு போவ பாதை போட்டவன், அந்தப் பாதையில கடைசி வரைக்கும் ஒரு தடவ போய்ப் பாக்கணும்" என்பார்.

குள்ளஞ்சாவடியில் இருந்து காசிக்குப் பாஸில் போவதென்றால் நாலு கண்ணி. கடலூரில் இருந்து மீட்டர் கேஜ் வண்டியில் எழும்பூர். அங்கிருந்து சென்ட்ரல் போய்க் காசி வண்டி. பிறகு அதே இரண்டும் திரும்பி. இதில் எழும்பூர் வரை எப்படியோ உட்கார்ந்து போய்விடலாம். நடுவில் உள்ள இரண்டு கண்ணிக்குப் படுக்கை இல்லாமல் அறுபது வயதுக்காரர் போக முடியாது. அந்த வழியில் எங்களுக்குத் தோதாக இருந்தது கங்கா காவேரி. அது வாரத்துக்கு இரண்டு நாள்தான்.

1991ல் முதல் முயற்சி. பாஸில் இடம் பிடிக்க, பாஸின் அசலைக் கவுன்ட்டரில் காட்ட வேண்டும். அதன் பின்பக்கத்தில் வண்டி எண், தேதி எழுதி முத்திரை வைப்பார்கள். ஆகவே வேறு ஊரில் உள்ள தெரிந்தவரிடம் போனில் சொல்லி எடுக்கச் சொல்ல முடியாது. விடியற்காலை முதல் பஸ்ஸில் அப்பா கிளம்பினார். மதியம் வரை நின்றார். வெயிட்டிங் லிஸ்ட். புறப்படும் நாள் வரை அது நகரவில்லை. 1994ல் இரண்டாவது முயற்சி. அதுவும் அப்படியே. பாஸுக்குக் கெடு உண்டு. கெடுவுக்குள் போகாவிட்டால் அது வெறும் தாள்.

கவுன்ட்டரில் இருந்தவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் 72ஐ 73 ஆக்கும் மந்திரம் இல்லை. ஒரு தடவை அவர், "ஐயா, நீங்களும் நம்ம ஆளு. இருந்தா தர மாட்டனா?" என்றாராம். அப்பா அதை வீட்டில் வந்து சொல்லும்போது அவர்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார்.

1998ல் மூன்றாவது முயற்சி. இந்தத் தடவை போவதற்கு இரண்டு படுக்கையும் உறுதியாகிவிட்டது. அப்பா வீட்டுக்கு வரும்போதே மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்தார். ஆனால் திரும்பி வருவதற்கு வெயிட்டிங் லிஸ்ட். "அங்க போயிப் பாத்துக்கலாம்" என்றார் அப்பா. அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. 1981 ராத்திரி அவர் மனசைவிட்டுப் போகவில்லை.

"திரும்பி வர வழி வச்சிக்காம காசிக்குப் போறவங்க சாவப் போறவங்கதான். நான் வர மாட்டேன், உங்களையும் அனுப்ப மாட்டேன்."

அப்பா ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அந்த முதல் பஸ்ஸையே பிடித்துப் போய், உறுதியான படுக்கையை ரத்து செய்துவிட்டு வந்தார். "நமக்கு வேணான்னா இன்னொருத்தரு படுத்துக்கினு போவட்டும். சும்மா போவக் கூடாது எடம்" என்றார். டிரங்குப் பெட்டியில் இருக்கும் தாள் அதுதான். 2003ல் அப்பா போய்விட்டார்.

நான் அப்போது மாத்திமாத்தி யோசித்தது ஒன்றுதான். நான் சம்பாதிக்கிறவன். பாஸை விட்டுவிட்டுக் காசு கொடுத்து அனுப்பியிருக்கக் கூடாதா? நேர்மையாகச் சொன்னால், காசு கொடுத்தாலும் அதே கம்ப்யூட்டர், அதே 72 படுக்கை. பாஸ்காரர் என்பதால் அவரை யாரும் பின்னுக்குத் தள்ளவில்லை. ஆனால் காசு கொடுப்பவர் வேறு தேதி, வேறு வண்டி என்று இன்னொருவரை விட்டுப் பத்து தடவை முயலலாம். பாஸ்காரர் கெடுவுக்குள், தாளில் எழுதிய வழியில், தாளைக் கையில் வைத்துக்கொண்டு முயல வேண்டும். அவருக்கு வாசல் அதேதான், ஆனால் அந்த வாசலுக்கு வரும் வழி குறுகல். இதை அப்போது நான் யோசித்துப் பார்த்துச் செய்யவில்லை. அவர் பெருமையில் கை வைக்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அது என் தவறுதான்.

இந்த வாசல் வித்தியாசம் அதன் பிறகுதான் இன்னும் பெரிதானது. 2002 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்தில் டிக்கெட் கொடுக்கத் தொடங்கியது. முதலில் டிக்கெட் கூரியரில் வரும். 2005ல் இ-டிக்கெட் வந்தது. காசு வைத்திருப்பவர் வீட்டில் இருந்தே எடுக்கலாம். பாஸ் வைத்திருக்கும் ரயில்வே குடும்பம் மட்டும் கவுன்ட்டருக்குத்தான் வர வேண்டும். ஊழியருக்கான இ-பாஸ் 2020 ஆகஸ்டில்தான் வந்தது. இப்போது பாஸுக்கு விண்ணப்பிப்பதும், அதை வைத்து இணையத்தில் இடம் எடுப்பதும் முடிகிறது. 2002க்கும் 2020க்கும் நடுவில் 18 ஆண்டுகள். ரயிலை ஓட்டுகிறவர்களும் அதன் பாதையைப் பார்த்துக்கொள்கிறவர்களும் நாட்டில் மற்றவர்களுக்குப் பின்னால் வீட்டில் இருந்து டிக்கெட் எடுத்தார்கள். வரலாற்றில் இப்படி அடிக்கடி நடக்கும். கோயில் கட்டியவன் பிராகாரத்துக்கு வெளியே நின்றதை நாம் படிக்கவில்லையா?

இது நம் நாட்டுக் கதை மட்டும் இல்லை. ஜெர்மனியில் இருக்கும் நம் பள்ளி மாணவன் ஒருவன் போன வருடம் கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு சுற்ற ரயில் பாஸ் வாங்கினான். "சார், பாஸ் இருக்கு. பாரிஸ் போற வண்டியில பாஸ்காரங்களுக்கு இடம் தீந்துபோச்சாம்" என்று செய்தி அனுப்பினான். ஐரோப்பாவுக்கு வெளியில் இருந்து வருபவர்களுக்கான யூரெயில் பாஸ் 1959லும், அங்கேயே இருப்பவர்களுக்கான இன்டர்ரெயில் 1972லும் தொடங்கின. அப்போது ஏறி உட்கார்ந்தால் சரி. பிறகு பிரான்சில் டி.ஜி.வி. போன்ற அதிவேக வண்டிகள் வந்தன. அதில் முன்பதிவு கட்டாயம், அதற்குத் தனிக் கட்டணம், பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் இடமும் அளவுதான். ஜப்பானின் ரயில் பாஸ் 1981ல் வந்தது. அதில் இட முன்பதிவு இலவசம். ஆனால் நொசோமி என்ற அதிவேக வண்டியில் அந்தப் பாஸ் பல ஆண்டுகள் செல்லாது. 2023ல்தான், அதுவும் மேல்கட்டணம் கட்டினால், ஏற விட்டார்கள். எங்கே போனாலும் பாடம் ஒன்றுதான். அனுமதி கொடுப்பது சுலபம், இடம் கொடுப்பதுதான் கஷ்டம்.

மாணவர்களே, ரயிலுக்கு வெளியேயும் இதை வைத்துப் பாருங்கள். சட்டம் ஒரு உரிமையை எழுதிக் கொடுத்த நாளும், அந்த உரிமையோடு ஒரு மனிதர் போய் உட்கார்ந்த நாளும் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் எத்தனை ஆண்டு, அந்த நடுவில் யார் யார் வரிசையில் நின்றார்கள் என்று தேடுங்கள். பாடப்புத்தகம் முதல் தேதியைத்தான் கொடுக்கும்.

கதையை முடித்துவிடுகிறேன். 2007ல் அம்மாவைக் காசிக்கு அழைத்துப் போனேன். அம்மாவுக்கு விதவைப் பாஸ் இருந்தது. ஆனால் அவருக்குக் கவுன்ட்டரில் பாஸ் டிக்கெட், எனக்குத் தனி டிக்கெட் என்றால் ஒரே பெட்டியில் இடம் கிடைக்கும் என்று உறுதி இல்லை. எழுபதை நெருங்கியவரைத் தனியாக விட முடியுமா? வடலூரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த நம் மாணவன் ஒருவன் இருவருக்கும் காசு டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். போகவும் வரவும் பக்கத்துப் பக்கத்துப் படுக்கை. சேவைக் கட்டணம் வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தான். தம்பி, நீ இதைப் படித்தால், அன்றைக்கு உனக்குச் சரியாக நன்றி சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. இப்போது சொல்கிறேன்.

கங்கைக்கரையில் அப்பாவுக்குத் திதி கொடுத்து முடித்ததும், அம்மா இடுப்பில் இருந்த சுருக்குப் பையை அவிழ்த்தார். உள்ளே அந்தப் பாஸ். எனக்குத் தெரியாமல் எடுத்து வந்திருக்கிறார். தண்ணீரில் விடத்தான் கொண்டுவந்தார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தார். பிறகு மடித்து உள்ளே வைத்துவிட்டார்.

"கொண்டாந்து காட்டிட்டேன். இது அவரு ஒழச்சிச் சம்பாரிச்சது. ஆத்துல விடறதுக்கு இல்ல."

அப்படித்தான் அது திரும்பவும் டிரங்குப் பெட்டிக்கு வந்தது. தம்பி மகனிடம் இதைச் சொல்லி முடித்தபோது அவன் தாளைத் திருப்பி, பின்பக்கத்து முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "பெரியப்பா, இத லேமினேட் பண்ணிக் குடுக்கறேன்" என்று எடுத்துப் போனான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் கடலூர், குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம் பக்கம் ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர்களும், பாஸ் உள்ள அம்மாமார்களும் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இப்போது இ-பாஸ்தான். முன்பு அவர்களுக்கும் படுக்கைக்கும் நடுவில் பஸ்ஸும் வரிசையும் இருந்தது. இப்போது செல்போனும் ஓ.டி.பி.யும் இருக்கிறது. பலருக்குப் பட்டன் போன்தான். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை எடுத்துக் கொடுங்கள். முன்பதிவு 2024 நவம்பரில் இருந்து 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. அந்தத் தேதியை அவர்கள் வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டுக் கொடுங்கள். முக்கியமாக, போவதற்கும் திரும்புவதற்கும் சேர்த்துப் பாருங்கள்.

உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் பழைய பாஸோ, டிக்கெட்டோ, தந்தியோ இருந்தால், அதன் கதையைக் கீழே எழுதுங்கள். நான் எல்லாவற்றையும் படிப்பேன். எழுத்துப்பிழை இருந்தால் திருத்தவும் செய்வேன், பழக்கதோஷம்.

என்றும் அன்புடன்,
உங்கள் வரலாறு வாத்தியார்,
குள்ளஞ்சாவடி.